நிருபர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்

மேஜிக் கலைஞர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி இது. பத்திரிகைப் பேட்டி, விளம்பரம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி (திண்டுக்கல்): பன்னிரண்டு வருடமாகப் பள்ளி ஆண்டு விழாக்களிலும் பிறந்தநாள் வீடுகளிலும் மேஜிக் ஷோ செய்கிறேன். முதல் முறையாக ஒரு நாளிதழ் நிருபர், "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வர்றேன், ஒரு பேட்டி போட்டுடலாம்" என்று சொல்லியிருக்கிறார். என்னென்ன தயார் செய்ய வேண்டும்? எந்த ஐட்டம் செய்து காட்டினால் நன்றாக இருக்கும்?

பதில்: ஐட்டம் அப்புறம். முதலில் ஒரு பக்கத்துக்குள் உங்களைப் பற்றிய குறிப்பைத் தயார் செய்யுங்கள். அச்சில் எப்படி வர வேண்டுமோ அப்படியே பெயர், இனிஷியல், மேடைப் பெயர். வயது, ஊர், எந்த வருடத்திலிருந்து செய்கிறீர்கள், யாரிடம் கற்றீர்கள், மாதத்துக்கு எத்தனை நிகழ்ச்சி, அடுத்த நிகழ்ச்சி எங்கே, எந்தத் தேதி, என்ன கிழமை, எத்தனை மணி, கைபேசி எண். காலண்டரை வைத்துத் தேதியையும் கிழமையையும் சரிபாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத குறிப்பில் எது சரியென்று தெரியாமல் டெஸ்க்கில் (பத்திரிகை அலுவலகத்தில் செய்தியைத் திருத்தும் பிரிவில்) அந்த வரியையே தூக்கிவிடுவார்கள். குறிப்பை யூனிகோடில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கையால் எழுதிக் கொடுத்தால் நிருபர் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். கமலக்கண்ணன் கமலகண்ணன் ஆவதும், 'எம்.' என்ற இனிஷியல் 'என்.' ஆவதும் அந்த இடத்தில்தான். டி.டி.பி. கடையில் பழைய எழுத்துருவில் அடித்து வாங்கினால் அவருடைய போனில் அது கிறுக்கலாகத்தான் தெரியும்.

எண்ணிக்கையில் கவனம் தேவை. "5,000 நிகழ்ச்சி நடத்தியிருக்கிறேன்" என்று வாயில் வருவதைச் சொல்லாதீர்கள். மாதம் 8 என்றால் வருடத்துக்கு 96, பன்னிரண்டு வருடத்துக்கு 1,152. கொரோனாவில் போன இரண்டு வருடத்தைக் கழித்தால் 960. "ஆயிரத்தை நெருங்குகிறது" என்று சொன்னால் போதும். யாராவது பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டாலும் நிற்கும்.

இன்னொன்று. "12 வருடமாக மேஜிக் செய்கிறார்" என்பது உங்கள் வீட்டுக்குப் பெருமை, பத்திரிகைக்குச் செய்தி இல்லை. நிருபரிடம் டெஸ்க்கில் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "இதை இப்ப ஏன் போடணும்?" அதற்குப் பதிலை நீங்கள் அவர் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். அரசுப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் மேஜிக்கை வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், அடுத்த வாரம் நூறாவது பள்ளி, காது கேளாத பிள்ளைகளுக்காகப் பேச்சே இல்லாமல் ஒரு ஷோ தயாரித்திருக்கிறீர்கள் என்று உண்மையாக ஏதாவது ஒன்று இருக்கும். தேடுங்கள். இல்லையென்றால் பேட்டியை இரண்டு வாரம் தள்ளிவைத்து, அப்படி ஒன்றைச் செய்துவிட்டுக் கூப்பிடுங்கள். தப்பே இல்லை.

இனி ஐட்டம். வருகிறவருக்குப் போட்டோவையும் சேர்த்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்காது. மூன்று ஐட்டம், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். முதலாவது, நிருபரின் கையிலேயே நடக்க வேண்டும்: அவர் கொடுத்த ஒரு ரூபாய், அவருடைய மோதிரம், ஒரு ரப்பர் பேண்ட். தன் கையில் நடந்ததை எழுதும்போது அவர் எழுத்தே மாறும். இரண்டாவது போட்டோவுக்கு. மூன்றாவதாக, அவர் வேலை பார்க்கும் நாளிதழையே கிழித்து ஒட்ட வைத்துக் காட்டுங்கள். இந்தத் தொழிலில் அதைவிடப் பொருத்தமான ஐட்டம் கிடையாது.

அதற்கு அன்று காலை ஆறு மணிக்கே கடைக்குப் போக வேண்டியிருக்கும். ஏன் என்று உங்களுக்குத் தெரியும், இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு விஷயம் மட்டும். ஒரே பத்திரிகை, ஒரே தேதி என்றாலும் மதுரைப் பதிப்பும் திருச்சிப் பதிப்பும் முதல் பக்கத்தில் வேறு வேறாக இருக்கும். இரண்டு பதிப்புகளின் எல்லையோர ஊர்களில், பேருந்து நிலையக் கடையில் ஒரு பதிப்பும் தெருமுனைக் கடையில் இன்னொன்றும் கிடைப்பதுண்டு. வாங்குவதை ஒரே கடையில் வாங்குங்கள், முதல் பக்கத்தின் கீழ்ப்பாதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்தது, நாளிதழ்த் தாள் மேலிருந்து கீழே நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். முதல் கிழிப்பு மேலிருந்து கீழாகவே இருக்கட்டும். மழைக்காலத்தில் தாள் நமுத்துப் போய் 'சர்ர்' என்ற சத்தம் வராது. சத்தமில்லாத கிழிப்பில் பாதி மேஜிக் போய்விடும். அன்று காலை தாளைச் சமையல் மேடை ஈரத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் உட்காரும் இடத்தையும் பாருங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் பீரோ கண்ணாடி, ஷோகேஸ் கண்ணாடி, அணைத்து வைத்த டி.வி. எதுவும் இருக்கக் கூடாது. மேடையில் பின்னால் கறுப்புத் திரை இருந்தே பழகியவர்கள் சறுக்குவது இங்கேதான். சுவரை ஒட்டி நாற்காலி, எதிரே ஜன்னல் வெளிச்சம், நிருபர் நேர் எதிரே. மின்விசிறியை நிறுத்தினால்தான் செய்ய முடியும் என்கிற ஐட்டம் வேண்டாம். "ஃபேனை ஏன் சார் நிறுத்துறீங்க?" என்று அவர் கேட்ட அந்த நொடியில் ஐட்டம் முடிந்தது. அப்புறம், வீட்டுப் பிள்ளைகளை அந்த ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டில் விடுங்கள். "அப்பா, அது இடது பாக்கெட்லதானே இருக்கு?" என்ற குரலுக்கு எந்தப் பயிற்சியும் ஈடுகொடுக்காது.

கேள்வி (தஞ்சாவூர்): பேட்டி எடுப்பவர்கள் எல்லோருமே கடைசியில், "ஒண்ணே ஒண்ணு எப்படின்னு சொல்லிக் கொடுங்க, வாசகர்களுக்காக" என்கிறார்கள். மறுத்தால் முகம் மாறுகிறது. ரகசியத்தைச் சொல்லவும் மனமில்லை.

பதில்: மறுக்கவே வேண்டாம். கொடுப்பதற்கென்றே ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு மேஜிக் அதற்கு நல்லது. பழையது, பொதுச் சொத்து, யார் பிழைப்பும் கெடாது.

1089 கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று இலக்க எண் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. 742 என்று வைத்துக்கொள்வோம். திருப்பிப் போட்டால் 247. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 495. அதைத் திருப்பினால் 594. இரண்டையும் கூட்டினால் 1089. எந்த எண்ணை எடுத்தாலும் 1089தான். தவறுவது ஒரே இடத்தில். முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் வித்தியாசம் ஒன்று மட்டும் என்றால், உதாரணமாக 534, கழித்தால் 99 வரும். அதை 99 என்றே வைத்துத் திருப்பிக் கூட்டினால் 198 ஆகிவிடும். 099 என்று எழுதச் சொன்னால் 990 ஆகத் திரும்பி, கூட்டினால் 1089 வந்துவிடும். "இரண்டு இலக்கம் வந்தால் முன்னால் ஒரு பூஜ்யம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்; நடுவில் சொன்னால் சந்தேகம் வரும்.

இதை நாளிதழோடு சேர்த்தால் இன்னும் அழகு. 1089 என்றால் பக்கம் 10, பத்தி 8, வரி 9. விடையைச் சொன்னதும் நிருபரையே அன்றைய இதழைப் பிரிக்கச் சொல்லுங்கள். அந்த வரியின் முதல் சொல், காலையிலேயே நீங்கள் எழுதி உறையிலிட்டு அவர் பையில் வைத்திருக்கும் சொல். எட்டுப் பத்தியில் அச்சாகும் இதழ்களுக்குத்தான் இது சரிவரும். காலையில் 10-ஆம் பக்கத்தைப் பாருங்கள். முழுப்பக்க நகைக்கடை விளம்பரமோ, எட்டாம் பத்தியை விழுங்கிய கண்ணீர் அஞ்சலியோ இருந்தால் அன்றைக்கு இந்த ஐட்டம் இல்லை, கணக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பத்திரிகைக்குக் கொடுக்கும்போது கணக்கை மட்டும் கொடுங்கள். சிறுவர் பக்கத்துக்கு அதுவே தாராளம். உறை உங்களோடு இருக்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. இப்போது நிருபர் பேட்டியோடு வீடியோவும் எடுக்கிறார், அது இணையத்தில் ஏறுகிறது. மேடையில் ஒருமுறை ஓடிப்போகும் கை அசைவை வீடியோவில் நிறுத்தி, மெதுவாக ஓட்டி, நூறு முறை பார்ப்பார்கள். கை வேகத்தை மட்டும் நம்பி நிற்கும் ஐட்டத்தைக் கேமரா முன் செய்யாதீர்கள். முந்தைய நாள் உங்கள் போனை நிருபர் உட்காரும் இடத்தில் ஒரு முறை, அதற்கு ஒரு முழம் இடப்பக்கமாக ஒரு முறை, வலப்பக்கமாக ஒரு முறை வைத்து எடுத்துப் பாருங்கள். மூன்றிலும் தேறியது மட்டுமே ஞாயிற்றுக்கிழமைக்கு.

கேள்வி (நாகர்கோவில்): என்னைப் பற்றி அரைப் பக்கம் வந்தது. ஆனால் படத்தில் முகமும் இரண்டு கையும் மட்டும்தான் தெரிகின்றன. நான் அனுப்பிய படம் நன்றாகத்தான் இருந்தது. என்ன கோளாறு?

பதில்: கறுப்புக் கோட்டு, கறுப்புத் திரை. மேடையில் எது உங்களைக் காப்பாற்றுகிறதோ அதுதான் அச்சில் விழுங்கிவிட்டது. நாளிதழ்த் தாள் மையை உறிஞ்சும், புள்ளிகள் பரவும். போன் திரையில் தெரியும் கரும்பழுப்பும் கருநீலமும் கறுப்பும் அங்கே ஒரே அப்பலாகிவிடும். வெளிர் நிறச் சுவர் முன் நில்லுங்கள், அல்லது வெளிர் நிற ஜிப்பா போடுங்கள். படம் கறுப்பு வெள்ளைப் பக்கத்துக்குப் போனாலும் போகலாம். சிவப்புப் பட்டுத்துணியும் பச்சைப் பட்டுத்துணியும் அங்கே ஒரே சாம்பல் நிறம். மஞ்சளும் கருநீலமும் பிடித்தால் பிரிந்து தெரியும்.

மூன்று படம் போதும். மார்பளவில் ஒன்று, ஐட்டம் நடக்கும்போது அகலவாக்கில் ஒன்று, பார்வையாளர்களோடு ஒன்று. கடைசிப் படத்தில் பிள்ளைகள் இருந்தால் பள்ளியிலோ பெற்றோரிடமோ கேட்டுவிட்டு அனுப்புங்கள். காலை ஏழு முதல் ஒன்பது மணிக்குள் வெளியே நிழலில் எடுங்கள். சீட்டுக்கட்டு பறப்பதை ஹால் வெளிச்சத்தில் போனில் எடுத்தால் சீட்டெல்லாம் வெள்ளைக் கோடாகத்தான் விழும். பறக்கவே வேண்டுமென்றால் தொடர்ச்சியாக எடுக்கும் முறையில் முப்பது படம் எடுத்து ஒன்றைப் பொறுக்குங்கள். பொறுக்கும்போது படத்தைப் பெரிதாக்கி விரல் இடுக்கு, சட்டைக் கைவிளிம்பு இரண்டையும் பாருங்கள். கண் பார்க்காததை ஃபிளாஷ் பார்க்கும். மெல்லிய எதுவும் அந்த வெளிச்சத்தில் பளிச்சிடும். இதற்கு மேல் விளக்க வேண்டாமே.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அப்போதுதான் அளவு சுருங்காது. படத்தின் மேல் உங்கள் லோகோ, போன் நம்பர், 'மேஜிக் கிங்' எழுத்து எதுவும் வேண்டாம். அது இருந்தால் வெட்ட வேண்டும், வெட்டச் சோம்பல்பட்டால் படமே போகாது. ஒவ்வொரு படத்தின் கீழும் இடமிருந்து வலமாக யார் யார் என்று ஒரு வரி.

கேள்வி (தேனி): "ஊரைக் கலக்கும் மந்திரவாதி" என்று தலைப்புப் போட்டுவிட்டார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. இப்போது தகடு எடுக்க வருவீர்களா, செய்வினை வைத்திருக்கிறார்கள் பாருங்கள் என்று தினமும் போன் வருகிறது.

பதில்: நிருபரைத் திட்ட வேண்டாம். தலைப்பு பெரும்பாலும் டெஸ்க்கில் வைப்பது. முதலில் நிருபரிடம் பேசுங்கள், அன்றைக்கே பேசுங்கள். அச்சிட்ட இதழ் மறுநாள் பஜ்ஜிக் கடைக்குப் போய்விடும். இணையத்தில் இருப்பதுதான் நிற்கும். "இணையப் பதிப்பில் 'மேஜிக் கலைஞர்' என்று மாற்றித் தர முடியுமா?" என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். அவர்களுக்கு அது இரண்டு நிமிட வேலை.

அடுத்த முறைக்கு, குறிப்பின் முதல் வரியிலேயே நீங்கள் விரும்பும் சொல்லை வைத்துவிடுங்கள். பேட்டியிலும் மேற்கோளாகப் போடுகிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "நான் செய்வதில் மந்திரம் எதுவும் இல்லை. எல்லாம் பயிற்சியும் அறிவியலும்தான்." 'மந்திரமா, தந்திரமா' என்று அறிவியல் இயக்கத்தவர்கள் ஊர் ஊராக நடத்திய நிகழ்ச்சிகளால் இந்த வேறுபாடு நம் வாசகர்களுக்குப் பழக்கமானதுதான், எடுத்துக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள்.

போன் செய்கிறவர்களிடம் வேடிக்கைக்குக்கூட "பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். தாயத்து, மந்திரம், கவசத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். உங்கள் நோட்டீசில் 'கவலை தீர்க்கும் மாயக்கோல்' மாதிரி அலங்கார வரி ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி (ஈரோடு): பணம் கட்டினால் டாக்டர் பட்டமும் உலக சாதனைச் சான்றிதழும் தருகிறார்கள். பேட்டிக்கு முன் வாங்கிவிட்டால் மதிப்பு கூடுமா?

பதில்: குறையும். அந்தச் சான்றிதழ் எவ்வளவுக்குக் கிடைக்கும் என்று நிருபருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல மைக் வாங்குங்கள்.

கேள்வி (சேலம்): கண்ணைக் கட்டிக்கொண்டு ஐந்து ரோடு வழியாக பைக் ஓட்டினால் எல்லாப் பத்திரிகையிலும் படம் வரும் என்கிறார்கள். பேட்டிக்கு முன்னால் செய்யலாமா?

பதில்: வரும், காவல் நிலையச் செய்தியிலும் சேர்த்து. அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் செய்தால் வழக்கு. விபத்தானால் வாழ்க்கையே போச்சு. 2019 ஜூனில் கொல்கத்தாவில் ஒரு மேஜிக் கலைஞர், கட்டுகளிலிருந்து விடுபடும் வித்தைக்குப் பேர்போன ஹூடினியின் பாணியில் கைகால்களைக் கட்டி, பூட்டிக்கொண்டு ஹூக்ளி ஆற்றில் இறங்கி, மேலே வரவில்லை. பத்திரிகைக்காரர்களும் கரையில் இருந்தார்கள்.

பெரியவர்கள் பத்திரிகையைப் பிடித்த விதத்தைப் பாருங்கள். ஹூடினி, கைகளை உடலோடு இறுக்கிவிடும் கட்டுச் சட்டையோடு தலைகீழாகத் தொங்கும்போது, பல ஊர்களில் தேடிப் பிடித்தது பத்திரிகை அலுவலகக் கட்டடத்தை. புகைப்படக்காரர் ஜன்னலைத் திறந்தால் போதும், கூட்டத்தோடு படம் கிடைத்துவிடும். 1904 மார்ச் 17 அன்று லண்டன் ஹிப்போடிரோம் அரங்கில் கைவிலங்கிலிருந்து விடுபட்டார். சவால் விட்டதே ஒரு நாளிதழ். சவால் விட்ட பத்திரிகை எழுதாமல் இருக்குமா?

வங்காள மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் இதைவிடக் கெட்டிக்காரர். 1956 ஏப்ரல் 9 அன்று பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சியில் ஒரு பெண்ணைச் சுழலும் ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் காட்டினார். பிறகு அந்தப் பெண்ணை எழுப்பப் பார்த்தார், எழவில்லை. தலையை ஆட்டி, முகத்தைத் துணியால் மூடினார். அந்த நேரத்தில் நிகழ்ச்சி நேரம் முடிந்துவிட்டது என்று தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி முன்னால் வந்து முடித்துவிட்டார். பெண் செத்துவிட்டாள் என்று நினைத்து ஜனங்கள் போன் செய்து லைனே திணறிப்போனது. மறுநாள் முதல் பக்கச் செய்தி. அப்போது அவர் டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் தொடங்கவிருந்த ஷோவுக்கு அதைவிட என்ன விளம்பரம் வேண்டும்? சாலையில் யாருக்கும் ஆபத்தில்லை, செலவு பெரிதாக இல்லை. எங்கே நிறுத்துவது என்பது மட்டும்தான் அவர் வித்தை.

உங்களுக்கு: பள்ளி மைதானத்துக்குள், தலைமை ஆசிரியர் எழுத்தில் கொடுத்த அனுமதியோடு, கண்ணைக் கட்டிக்கொண்டு கரும்பலகையில் பிள்ளைகள் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். கண்ணைக் கட்டுவது நிருபராகவே இருக்கட்டும். படமும் வரும், நீங்களும் இருப்பீர்கள்.

கேள்வி (கடலூர்): புறாவோடு படம் எடுக்கலாமா?

பதில்: ஷோவில் பயன்படுத்தும் உயிர்களை இந்திய விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. பதிவு இருந்தால் எடுங்கள். பச்சைக்கிளி, பாம்பு பக்கமே போகாதீர்கள்; வனத்துறை தேடி வருவதற்கு அந்தப் படமே சாட்சியாகிவிடும். பட்டுத்துணியும் பூச்செண்டும் பிடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி (அரியலூர்): நிருபருக்குக் கவர் கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். டீ கொடுங்கள், வடை கொடுங்கள். பணம் கொடுத்து ஏதாவது வர வேண்டுமென்றால் அதற்கு விளம்பரப் பிரிவு இருக்கிறது. அளவு சொல்லி, ரசீது வாங்கிக் கட்டுங்கள். நேர்மையான நிருபர் கவரைப் பார்த்தால் அடுத்த முறை உங்கள் போனையே எடுக்க மாட்டார். மற்றவர் எடுப்பார், ஒவ்வொரு முறையும் எடுப்பார்.

கேள்வி (விருதுநகர்): பேட்டி பெரிதாக வந்தது. ஆனால் ஒரு புக்கிங்கூட வரவில்லை. எங்கே தப்பு?

பதில்: செய்தியில் போன் நம்பர் பெரும்பாலும் போட மாட்டார்கள், போட்டால் அது விளம்பரம் ஆகிவிடும். படித்தவர் உங்களைத் தேட வேண்டும். தேடினால் கிடைக்கிறீர்களா என்று பேட்டிக்கு முந்தைய வாரமே உங்கள் பெயரையும் ஊரையும் தமிழில் தட்டிப் பாருங்கள். கூகுள் மேப்பில் தொழில் பதிவு இலவசம். அங்கே பெயர், ஊர், எண், குறிப்போடு கொடுத்த அதே படம் இருந்தால், செய்தியில் பார்த்த ஆள் இவர்தான் என்று உறுதியாகும். பதிவு உடனே வந்துவிடாது, சரிபார்க்க நாள் பிடிக்கும். அதனால்தான் முந்தைய வாரம் என்கிறோம்.

வெளியான அன்று காலை ஏழிலிருந்து பதினொன்று வரை போனை நீங்களே எடுங்கள். பள்ளி முதல்வர்கள் பேப்பர் பார்க்கும் நேரம் அது. "ரேட் எவ்வளவு?" என்றால் "பார்த்துச் செய்யலாம்" என்று இழுக்காதீர்கள். 45 நிமிட ஷோவுக்கு இவ்வளவு, வெளியூர் என்றால் வண்டிச் செலவு தனி என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். கேட்டவரின் பெயரையும் பள்ளியையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டு விழா ஜனவரியில்தான் வரும். ஜூலையில் வந்த பேட்டிக்கு டிசம்பரில்தான் பலன்.

அரைப் பக்கப் பேட்டியையே எல்லோரும் நினைக்கிறார்கள். உள்ளூர்ப் பக்கத்தில் வரும் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பத்தியை யாரும் கவனிப்பதில்லை. அது இலவசம். பொதுமக்கள் வரக்கூடிய ஷோ ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் முன்னதாக, மாலை நான்கு மணிக்குள் இந்த அளவில் அனுப்புங்கள்: "மேஜிக் ஷோ: நகராட்சி மண்டபம், பேருந்து நிலையம் அருகில், ஞாயிறு மாலை 6.00 மணி. நுழைவுக் கட்டணம் ரூ.100." அவ்வளவுதான். 'மாபெரும்', 'பிரம்மாண்ட' எல்லாம் சேர்த்தால் வெட்டும்போது ஷோ நேரத்தையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள்.